சயாகா முராதாவிடம் மாட்டிக்கொண்ட கதை

டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் குடிவந்த புதிதில் ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எளிய நடையில் ஒரு நாவல் சொல்லுங்கள் என்று டீச்சரிடம் கேட்டதற்கு அவர் எடுத்துக் கொடுத்ததுதான் சயாகா முராதா எழுதிய ‘கொன்பினி நிங்கென்’ (கொன்பினி என்றால் இரவு பகலாகத் திறந்திருக்கும் சின்னக் கடை). 2016இல் ஜப்பானின் அகுதகவா இலக்கியப் பரிசு வாங்கிய நாவல். சின்னப் புத்தகம், கடை வேலை பற்றிய லேசான கதையாக இருக்கும் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

நாயகி கேய்கோவுக்கு 36 வயது. கல்யாணம் ஆகவில்லை. 18 வருடமாக ஒரே கொன்பினியில் பகுதிநேர வேலை. சிறுமியாக இருந்தபோது ஒருநாள் பூங்காவில் ஒரு நீலக் குருவி செத்துக் கிடக்கிறது. மற்ற பிள்ளைகள் அழுகிறார்கள். இவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு அம்மாவிடம் ஓடி, இதைச் சாப்பிடலாமா என்கிறாள். அப்பாவுக்குத்தான் யாகிதோரி, அதாவது குச்சியில் கோத்துச் சுட்ட கோழி, பிடிக்குமே! ரயிலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் (டோக்கியோ ரயிலில் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்). அப்புறம் அந்தப் பிள்ளைகள் குருவியின் சமாதிக்குப் பூப்பறிக்கப் போகிறார்கள். குருவிக்காக அழுதுகொண்டே பூக்களைக் கொல்கிறார்களே என்று இவளுக்குத் திகைப்பு. என் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் நினைப்பதில் தப்பு எங்கே என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பாதிக்கு மேல் ஒருத்தன் அவள் வீட்டில் வந்து தங்குகிறான். சரி, காதல் கதை ஆரம்பிக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் போய்க் குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொள்கிறான். இவள் வேளாவேளைக்குத் தீனி வைக்கிறாள். அவளே அதைத் தீனி என்றுதான் நினைக்கிறாள்.

என்னை உண்மையில் பிடித்து உலுக்கியது வேறு ஒரு விஷயம். கேய்கோ கூட வேலை செய்பவர்களின் பேச்சை அப்படியே நகலெடுத்துத்தான் ‘சாதாரண ஆள்’ போல நடமாடுகிறாள். மறுநாள் காலை எங்கள் தெருமுனைக் கொன்பினியில் சாப்பாட்டு டப்பாவை வைத்ததும் கல்லாவில் இருந்த பெண் “அதாதமெமாஸ் கா?” என்றாள். சூடு பண்ணித் தரவா என்று தினமும் அதே ராகத்தில் கேட்பாள். நானும் “தாய்ஜோபு தெஸ்”, பரவாயில்லை வேண்டாம், என்றேன். அந்த ராகம் என்னுடையதல்ல. வந்த முதல் வாரம் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற யாரோ ஒருவருடையது. என் ஜப்பானிய மொழி மொத்தமும் அப்படிச் சேர்ந்ததுதான்.

முராதாவே பல வருடம் கொன்பினியில் வேலை பார்த்தவர். பரிசு வந்தபோதும் அந்த வேலையில்தான் இருந்தார்.

நீங்கள் யாராவது இவரைப் படித்திருக்கிறீர்களா? எப்படி மாட்டினீர்கள்?

*

நான் தலைகீழாக ஆரம்பித்தேன், அண்ணா. 2020இல் ஆங்கிலத்தில் வந்த ‘எர்த்லிங்ஸ்’தான் முதலில் கிடைத்தது. அட்டையில் முள்ளெலி பொம்மை. அக்கா மகளுக்கு வாங்கித் தரலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, முதலில் நானே படித்தேன்! தன்னை வேற்றுக்கிரகத்துப் பிறவி என்று நம்பும் ஒரு சிறுமி. அவளுக்கு ஒரு பெரியவர் செய்யும் கொடுமை. வீட்டில் யாரும் அதை நம்பாதது. அந்த நம்பிக்கை விளையாட்டல்ல, அவள் உயிரோடு இருக்கப் பிடித்துக்கொண்ட கயிறு என்று தெரியும்போது நெஞ்சு அடைக்கிறது. கடைசி இருபது பக்கத்தைச் சாப்பாட்டு நேரத்தில் திறக்காதீர்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

*

அதன் ஜப்பானியத் தலைப்பு ‘சிக்யூ செய்ஜின்’. சாதாரணமாக பூமிவாசிக்கு ‘சிக்யூஜின்’ என்பார்கள். செவ்வாய்க்காரன் மாதிரி வேற்றுக்கிரகவாசிகளுக்குத்தான் ‘செய்ஜின்’ ஒட்டு. நம்மையே அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார், தங்கச்சி. ‘நிங்கென்’ கதையும் அப்படித்தான். அது வெறும் மனிதப் பிறவி. ஆங்கிலத் தலைப்பில் (‘கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்’) அதைப் ‘பெண்’ ஆக்கியதில் எனக்கு உடன்பாடில்லை.

*

நாவலுக்கு நேரமில்லாதவர்கள் அவருடைய சிறுகதைகளில் ஆரம்பிக்கலாம். ‘லைஃப் செரிமனி’ தொகுப்பின் முதல் கதையில், செத்தவர்களின் முடியில் பின்னிய ஸ்வெட்டர்தான் உயர்ந்த ரகம். தோழிகள் தொட்டுத் தொட்டுப் பாராட்டுகிறார்கள். கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளைக்கு மட்டும் அது பிடிக்காது. பேய்க்கதை என்றால் அதில் பேய் இல்லை. எதிர்காலக் கதை என்றால் அதில் ஒரு கருவிகூட இல்லை. கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறவர்களின் பேச்சு மாதிரி அவ்வளவு சாவகாசமாகப் போகிறது.

அம்மாவிடம் கதையைச் சொன்னேன். “சீ, அடுத்தவங்க முடியையா உடம்புல போட்டுக்குவாங்க?” என்று முகத்தைச் சுளித்தார். எங்கள் பீரோவின் மேல் தட்டில் அம்மாவின் சவுரி சுருட்டி வைத்திருக்கிறது. கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்துச் சிக்கெடுத்துக் கொடுப்பது நான்தான்.