அம்மாட பித்தக்குழாய்ல வச்ச ஸ்டெண்டை மூண்டு மாசத்தில மாத்தத்தான் வேணுமா?

உப்புவெளி மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாக்கு 58 வயசு. நாலு வருசத்துக்கு முன்ன கல் எண்டு பித்தப்பையை எடுத்தவை, பிறகு நல்லாத்தான் இருந்தவ, போன வருசம் தொடங்கி விட்டு விட்டுக் காய்ச்சல், உடம்பெல்லாம் ஒரே கடி, இரவில நித்திரை இல்லாம சீப்பால முதுகைச் சொறிஞ்சு கொண்டே இருப்பா, பிறகு ஒருநாள் பாத்தா கண் மஞ்சள். செங்கமாரி எண்டு சொல்லி ரெண்டு கிழமை கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுத்தம், குறையேல்ல. ஸ்கேன்ல பித்தக்குழாய் ஒடுங்கிப் போய் இருக்கெண்டு கொழும்புக்கு அனுப்பி வாயால கமரா விட்டு ஈஆர்சிபி செய்து பித்தம் ஓடுறதுக்கு பிளாஸ்டிக் ஸ்டெண்ட் எண்ட சின்னக் குழாய் ஒண்டு வச்சு விட்டவை. இப்ப ஒன்பது கிழமை. கடி இல்லை, சோறு சாப்பிடுறா. மூண்டு மாசத்தில மாத்த வரட்டாம், அப்பிடி ஒரு வருசத்துக்கு வரவேணுமாம். அம்மா மாட்டன் எண்டு நிக்கிறா, "சுகமாத்தானே பிள்ளை இருக்கிறன்" எண்டு. அப்பா கடலுக்குப் போற ஆள், ஒவ்வொரு தரமும் 260 கிலோமீட்டர் போய்வாறது லேசில்லை. கொஞ்சம் பிந்திப் போனா என்ன? ஒரேயடியா ஒப்பரேசன் செய்யேலாதா?

கிண்ணியா வாசி:
தங்கச்சி, தயவுசெய்து பிந்தாதீங்க. எங்கட வாப்பாக்கும் இதேதான், அவரும் சுகம் எண்டுதான் சொன்னார், நாங்களும் நோன்பு முடியட்டும், பெருநாள் முடியட்டும் எண்டு தள்ளிட்டம், எப்ப மாத்தோணும் எண்டு கார்ட்லயும் நாள் போட்டிருக்கல்ல. ஏழாம் மாசம் ஒரு இரவு கட்டில் ஆடுற அளவுக்கு நடுக்கம், ரெண்டு போர்வை போட்டும் நிக்கல்ல, விடியக்குள்ள பேச்சுத் தடுமாறிட்டு, பிரஷர் இறங்கிட்டு. சலம் தேத்தண்ணி மாதிரிப் போச்சு. ஸ்டெண்ட் அடைச்சு, தேங்கின பித்தத்தில கிருமி பிடிச்சு ரத்தத்துக்க போயிருந்தது. அவசரமா ஈஆர்சிபி செய்து அதை எடுத்தாங்க, பிறகு டொக்டர் காட்டினார், பேனைக்கூட்டை விட மெல்லிசான சின்னக் குழாய், உள்ளுக்க முழுக்கக் கறுத்த சேறு. இதுக்காகத்தான் எங்கட வாப்பா சாகப் பார்த்தார் எண்டு நினைக்க இப்பவும் கை நடுங்குது. கீழ்க்காய்நெல்லி எல்லாம் அடைச்ச குழாயைத் திறக்காது தங்கச்சி, அதை நம்பி நாள் போக்க வேணாம்.

தாதி அக்கா:
நான் எண்டொஸ்கோபி அறையில வேலை செய்யிறன், தெரிஞ்சதைச் சொல்லுறன். இந்த முறை புதுசில்லை, கமராவால போய்ப் பித்தக்குழாய் வாசலை வெட்டித் திறக்கிறதை ஜப்பான்லயும் ஜேர்மனிலயும் செய்து 1974ல எழுதி வெளியிட்டவை. உங்கட அம்மாட ஒடுக்கம் பித்தப்பை எடுத்த ஒப்பரேசன்ல விழுந்த தழும்பால வந்ததெண்டா, ஸ்டெண்ட் பித்தம் ஓடுறதுக்கு மட்டும் இல்லை, தழும்பை மெல்ல மெல்ல விரிச்சுப் பிடிக்கிறதுக்கும்தான். ஒவ்வொரு தரமும் பலூனால விரிச்சுப் போட்டு ரெண்டு, ஏலுமெண்டா மூண்டு எண்டு கூட்டி வைப்பினம், அப்பிடி ஒரு வருசமளவில எல்லாத்தையும் எடுத்து விட்டுப் பாப்பினம். கனபேருக்கு அதோட ஒப்பரேசன் தேவையில்லாமப் போகுது. இடையில விட்டா தழும்பு திரும்பவும் இறுகும், பட்ட பாடெல்லாம் வீண். பிளாஸ்டிக் ஸ்டெண்ட் மூண்டு மாசமளவில அடைக்கத் தொடங்கும், முந்தியும் அடைக்கலாம். அதால கண் வெள்ளையா இருக்கெண்டு நம்பி இருக்கக்கூடாது.

உறை போட்ட மெட்டல் ஸ்டெண்ட் எண்டு ஒண்டு இருக்கு, அது ஆறு மாசம், அதுக்கு மேலயும் நிக்கும், மாத்தப் போற தடவை குறையும், கேட்டுப் பாருங்கோ. ஆனா குழாய் ரெண்டாப் பிரியிற இடத்துக்குக் கிட்ட ஒடுக்கம் எண்டா மற்றப் பக்கத்தை மூடிப்போடும், வைக்கமாட்டினம். ஒப்பரேசன் எண்டா குடலை இழுத்துப் பித்தக்குழாயோட பொருத்துறது, பெரிய வேலை. குழாய் முழுசா வெட்டுப்பட்டிருந்தாலோ ஸ்டெண்டால சரிவராட்டியோதான் அதுக்குப் போறது.

ஈஆர்சிபிக்குப் பிறகு சிலருக்குக் கணையம் வீங்கும், அதுக்குத்தான் மலவாசலால ஒரு மருந்து வைக்கிறது, வெக்கப்பட்டு வேண்டாம் எண்டு சொல்ல வேண்டாம். செய்த அண்டைக்கோ அடுத்த நாளோ மேல்வயித்துக் குத்து முதுகுக்குப் போனா உடன காட்டுங்கோ. ரத்தம் உறையாத குளிசை ஏதும் குடிக்கிறா எண்டா இப்பவே சொல்லுங்கோ, அண்டைக்குக் காலமை சொன்னா திருப்பி அனுப்பிப் போடுவினம். நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா கொழும்பு வரைக்கும் காத்திருக்காம திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, "ஸ்டெண்ட் இருக்கு" எண்டு முதல் வார்த்தையாச் சொல்லுங்கோ.

நிலாவெளித் தம்பி:
அக்கா, இரவு ட்ரெயின்ல போங்கோ, காலமைக்குக் கொழும்பு, எப்பிடியும் வெறும் வயித்தோடதானே போகவேணும். நாங்கள் மாமிக்கு அப்பிடித்தான் கூட்டிக்கொண்டு போறனாங்கள். படுக்கிற பெட்டிக்கு முந்தியே புக் பண்ணுங்கோ.

உப்புவெளி மகள்:
எல்லாருக்கும் கோடி நன்றி. கிண்ணியா நாநாட வாப்பாட கதையை அப்பிடியே அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன், ஒண்டும் கதைக்காமக் கேட்டுக்கொண்டு இருந்தா, பிறகு அலுமாரியைத் திறந்து டயக்னோசிஸ் கார்டை எடுத்துத் தந்து "எத்தினையாம் திகதி எண்டு கலண்டர்ல வட்டம் போட்டு விடு" எண்டா. அப்பாவும் அந்தக் கிழமை கடலுக்குப் போகேல்ல எண்டு சொல்லிட்டார். அவ பிரஷருக்குக் குடிக்கிற குளிசைகளோட அஸ்பிரினும் இருக்கு தாதி அக்கா, நாளைக்கே கிளினிக்ல கேக்கிறன்.