கைக்குழந்தைக்கு நிமிடத்திற்கு 52 மூச்சு: இது இயல்புதானா?

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்):
அனைவருக்கும் வணக்கம். பிரசவத்திற்கு வந்த மகளும் 5 வாரப் பேரனும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். நேற்றிரவு அவன் உறங்கும்போது மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 52 வந்தது, சற்று நேரம் கழித்து 38தான் இருந்தது. இடையில் ஐந்தாறு நொடிகள் மூச்சே விடாமல் இருந்து, பிறகு மடமடவென்று விட்டதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. 4 வயதுப் பேத்திக்கு 24, என் கணவருக்கு 16. ஒரே வீட்டில் இவ்வளவு வேறுபாடு இருக்குமா? எந்த நிலையில் மருத்துவரிடம் ஓட வேண்டும்?

பதில் (பட்டர்வொர்த், பினாங்கு):
அம்மா, குழந்தைகள் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் குறித்தவை எல்லாம் அந்தந்த வயதுக்கு இயல்பானவையே. பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60, பள்ளி வயதில் 18 முதல் 25, பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். குழந்தையின் விலா எலும்புகள் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருப்பதால் நெஞ்சு அதிகம் விரிவதில்லை. ஆனால் அதன் எடைக்குத் தேவைப்படும் பிராணவாயுவோ நம்மைவிட அதிகம் என்பதால், ஒரே மூச்சில் மிகுதியாக இழுக்க இயலாத அது அடிக்கடி இழுத்து ஈடு செய்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் உள்ள தசையான உதரவிதானமே பெரும்பகுதி வேலையைச் செய்வதால், வயிற்றைப் பார்த்து எண்ணுங்கள். முதல் சில மாதங்களில் மூச்சு 10 நொடிக்கும் குறைவாக நின்று தொடர்வதும் இயல்பே. 20 நொடி நின்றாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 999-ஐ அழையுங்கள்.

அமைதியாக இருக்கும் குழந்தைக்கு, 2 மாதத்திற்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40 என்ற அளவை எட்டினால் அது வேக மூச்சு என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பதில் (பிரிக்பீல்ட்ஸ்):
அம்மா, முழு நிமிடமும் எண்ணுங்கள். நான் என் மகளின் மூச்சை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கியதில் 64 வந்து, நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே முழு நிமிடம் எண்ணியபோது 46தான். பிறகு 14 மாதத்தில் அதே மகளுக்குச் சளி பிடித்தபோது எண்ணிக்கை 38தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் குழி விழுந்தது. நான் எண்ணை நம்பிக் காலைவரை காத்திருந்தது தவறு; மருத்துவர் பார்த்தவுடனே வார்டில் சேர்த்துவிட்டார். குழி விழுதல், மூக்கு விடைத்தல், முனகல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றைக் கண்டால் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

பதில் (ஆயர் ஈத்தாம், பினாங்கு):
ஐயாவின் மூச்சை எண்ணுவதானால் அவரிடம் சொல்லாமல், நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே எண்ணுங்கள். அறிந்தால் மூச்சு தானாக மாறிவிடும். ஓய்வில் 25ஐத் தொட்டால் பெரியவர்களையும் தாமதமின்றி அழைத்துச் செல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. இன்று பிற்பகல் பேரன் உறங்கும்போது வயிற்றைப் பார்த்து முழு நிமிடமும் எண்ணியதில் 44; மகளும் தனியே எண்ணினாள், அவளுக்கு 45. குழி எதுவும் விழவில்லை, பாலும் நன்றாகக் குடிக்கிறான். வெள்ளிக்கிழமை அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதனை இருக்கிறது. குறித்து வைத்த எண்களைத் தாதியிடம் காட்டுகிறேன்.