பழைய விமான மர ப்ரொப்பெல்லரை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

காட்பாடிக்காரன்
குடியாத்தம் ரோட்டில் ஒரு காயலாங்கடை. பழைய ஜன்னல் சட்டங்களுக்கு நடுவே நின்றிருந்தது. "ஜமீன் வீட்டு ஃபேன் இறக்கை சார்" என்றார் கடைக்காரர். நடுவில் இருக்கும் குடத்தின் முகத்தில் ஏதோ எழுத்து குத்தியிருந்தது, வார்னிஷ் அப்பியதால் படிக்க முடியவில்லை. கடைப் பையன் சாக்பீஸை எடுத்துப் பரபரவென்று தேய்த்து உள்ளங்கையால் துடைத்தான். வெள்ளை வெள்ளையாக "ஜிப்ஸி மேஜர்" எழுந்து வந்தது! பக்கத்தில் "எல்.ஹெச்.", அப்புறம் "டி.ஆர்.ஜி.", அதாவது டிராயிங். அதற்குப் பின் வர வேண்டிய எண்ணைக் காணோம். யாரோ ஒரு புண்ணியவான் கடிகாரம் மாட்ட அங்கேயே பள்ளம் தோண்டியிருக்கிறான். மறுநாள் பணத்தோடு போனால் விற்றுவிட்டார்களாம். டைகர் மாத் விமானத்துடையதுதானே? இன்னும் மனசு ஆறவில்லை.

குருவராஜப்பேட்டை தறி
அவசரப்படாதீர்கள். ஜிப்ஸி மேஜர் இன்ஜின் மைல்ஸ் மேஜிஸ்டரிலும் இருந்தது, சில ஆஸ்டர்களிலும் இருந்தது. எந்த விமானம் என்பதை டிராயிங் எண்தான் சொல்லும். அதுதான் உங்களிடம் இல்லையே.

எங்கள் பெரியப்பாவின் தறிக்கொட்டகையில் ஒற்றை இறக்கை ஒன்று தொங்கும், அதன் மேல் லுங்கி காயும். நுனியில் பித்தளைத் தகடு, அதில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். "ஜப்பான்காரன் சுட்டதுடா" என்பார். ஊரே நம்பியது. அரக்கோணத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளம் இருந்ததே, இப்போது ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கும் இடம், அதனால் கதைக்கும் வசதி. மரத்துக்குள் சேரும் ஈரம் வெளியேற வைத்த ஓட்டைகள் அவை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆம்பூர் பாய்
நான் பார்த்தது ஒரு தோல் கம்பெனி விருந்தினர் அறையில். பளபளவென்று இருந்தது, போல்ட் ஓட்டையே கிடையாது. அலங்காரப் பொருள், அவ்வளவுதான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கையால் அச்சு வைத்துச் சுத்தியால் குத்திய எழுத்து ஒன்று ஆழமாக, ஒன்று மேலோட்டமாக, வரிசை கோணலாக இருக்கும். எல்லாம் ஒரே ஆழம் என்றால் சந்தேகப்படுங்கள். ஓடிய ப்ரொப்பெல்லர் என்றால் இரும்புத் தட்டு இறுக்கிய வட்டத் தடம் குடத்தின் முகத்தில் பதிந்திருக்கும். டி என்றால் விட்டம். பி என்றால் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி முன்னேறும் தூரம். எண் ஆயிரக்கணக்கில் இருந்தால் மில்லிமீட்டர். கிரீடமும் ஏ.எம். என்ற எழுத்தும் இருந்தால் பிரிட்டிஷ் விமான அமைச்சகம், அது 1918-இல் வந்தது, எனவே அதற்கு முந்தையதாக இருக்காது. ஆசாரியிடம் கொடுத்து இழைக்கவே கூடாது, எழுத்தெல்லாம் போய்விடும். செங்குத்தாகச் சாத்தியும் வைக்காதீர்கள், ஈரம் ஒரு பக்கம் இறங்கி எடை மாறும். படுக்கை வசத்தில் வையுங்கள்.

காட்பாடிக்காரன்
பாய், கையில் இல்லாத பொருளை எப்படிப் படுக்க வைக்கிறது?

சத்துவாச்சாரி ரிட்டயர்டு
எல்.ஹெச். என்றால் இடப்பக்கம் பொருத்தும் இறக்கை. இரட்டை இன்ஜின் குண்டுவீச்சு விமானமாக இருக்கும்.

குருவராஜப்பேட்டை தறி
இல்லைங்க ஐயா. எல்.ஹெச். என்பது சுழலும் திசை. விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. ஜிப்ஸி மேஜர் அப்படித்தான் சுற்றும், அது ஒற்றை இன்ஜின் விமானத்திலும் அதே திசைதான். எழுத்து அழிந்திருந்தாலும் கண்டுபிடிக்கலாம்: உப்பிய பக்கம் முன்னால், தடித்த விளிம்பு காற்றைக் கிழிக்கும் பக்கம். முன்னால் நின்று அந்த விளிம்பு போகும் திசையைப் பாருங்கள், கடிகாரம் சுற்றுகிற பக்கம் போனால் எல்.ஹெச்.

சத்துவாச்சாரி ரிட்டயர்டு
முன்னால் நின்றால் கடிகாரப் பக்கம், பின்னால் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கமா? என்னமோ போங்க. அந்தக் காயலாங்கடை குடியாத்தம் ரோட்டில் எந்த இடம் தம்பி?