டீம் ஆப்: புள்ளிவிவரத் திரையில் நெரிசல், எதை எடுப்பது?

லெக் பை:
வணக்கம். எங்கள் டென்னிஸ் பால் டீமுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும் ஸ்கோரை ஏற்றிவிடுவோம். ஏற்றும் பகுதியில் சிக்கல் இல்லை. ஆட்டக்காரரின் புள்ளிவிவரத் திரைதான் தலைவலி. ஒரே பக்கத்தில் 23 எண்கள்: ரன், சராசரி, ஸ்டிரைக் ரேட், ஃபோர், சிக்ஸ், டக், எகானமி (பவுலர் ஓவருக்குக் கொடுத்த சராசரி ரன்), மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), கேட்ச்... அதற்குக் கீழே எப்படி அவுட் ஆனார் என்று ஒரு பை சார்ட், ரன் எப்படி வந்தது என்று இன்னொன்று. ஒவ்வொன்றும் யாரோ கேட்டதற்காகச் சேர்த்ததுதான். இப்போது கேட்டவர்களே அந்தப் பக்கம் போவதில்லை. "அண்ணா, என் எகானமி எவ்வளவு?" என்று வாட்ஸாப்பில் என்னிடம் கேட்கிறார்கள். எழுத்தைச் சிறிதாக்கினேன், டேப் பிரித்தேன். டேப்பை யாரும் தட்டவே இல்லை. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

நைட் வாட்ச்மேன்:
எல்லா எண்ணும் ஒரே அளவில், ஒரே தடிமனில் நிற்கின்றன. சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. டேப் பிரிப்பதற்கு முன்னால், போன மாதம் வாட்ஸாப்பில் வந்த கேள்விகளை எண்ணுங்கள். எது மேலே வர வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.
பை சார்ட் இரண்டையும் தூக்கிவிடலாம். கேட்ச் 9, போல்டு 7, ரன் அவுட் 6 என்றால் மூன்று துண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நீளப் பட்டையாகப் போட்டு ஓரத்தில் எண்ணை எழுதினால் போதும்.

லெக் பை:
எண்ணினேன். மொத்தம் 31 கேள்வி. எகானமி 14, "கடைசி சில மேட்ச்ல எப்படி ஆடியிருக்கேன்?" 9, ஸ்டிரைக் ரேட் 5, மீதி 3 சில்லறை. மெய்டனை ஒருவர்கூடக் கேட்கவில்லை. (8 ஓவர் மேட்ச்சில் மெய்டன் போடுபவர் யார், அதுவும் சரிதான்.)

பழைய ஸ்கோரர்:
தம்பி, டிசைன் எனக்குத் தெரியாது, ஸ்கோர் எழுதத் தெரியும். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் ஒருவருக்கு மொத்தம் 27.8 ஓவர் என்றிருக்கிறது. ஓவருக்கு 6 பந்துதானே, 8 எங்கிருந்து வந்தது? இன்னொருவருக்கு 3.4 ஓவர், 22 ரன், எகானமி 6.47. தப்பு. 3.4 என்றால் 3 ஓவரும் 4 பந்தும், ஆக 22 பந்து. 22 பந்துக்கு 22 ரன் என்றால் எகானமி 6.00. நீங்கள் 3.4-ஐ தசம எண்ணாக எடுத்து வகுத்திருக்கிறீர்கள். முழு ஓவராகப் போட்டவர்களுக்கு மட்டும் சரியாக வந்திருக்கும். பந்துகளாகவே சேமியுங்கள், காட்டும்போது ஓவராக மாற்றினால் போதும்.
சராசரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரன்னை இன்னிங்ஸால் வகுக்கக் கூடாது, எத்தனை முறை அவுட் ஆனார் என்பதால் வகுக்க வேண்டும். பிராட்மேன் டெஸ்டில் 80 இன்னிங்ஸில் 6996 ரன் எடுத்தார். அதில் 10 நாட் அவுட் என்பதால்தான் 99.94. 80-ஆல் வகுத்தால் 87.45 ஆகிவிடும். ஒருமுறைகூட அவுட் ஆகாதவருக்கு சைபர் போடாதீர்கள், வெறும் கோடு போடுங்கள்.

லெக் பை:
ஐயோ. சராசரி சரியாகத்தான் இருக்கிறது. எகானமியை மூன்று மாதமாகத் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன். எங்கள் ஓப்பனிங் பவுலர் "எனக்கு இதைவிடக் குறைவா வரணும்ணா" என்று சண்டையே போட்டார். ஆப் பொய் சொல்லாது என்று நான் வாதாடினேன். அதனால்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள் போல!

சில்லி பாயிண்ட்:
இல்லாததைக் காட்டாமல் விட்டாலே பாதி இடம் மிச்சம். உங்கள் கீப்பருக்கு எகானமி 0.00 என்றிருக்கிறது. பந்தே போடாத மனிதர், திரைப்படி டீமிலேயே சிறந்த பவுலர்! பந்து போடாதவருக்கு பவுலிங் பகுதியே வர வேண்டாம்.
கடைசி மேட்ச்களுக்கு கிராஃப் வேண்டாம். 12, 0, 34*, 7, 21 என்று ஐந்து எண்ணை ஒரே வரியில் வைத்தால் கிரிக்கெட் ஆடுகிற யாருக்கும் புரியும். நல்லதுக்குப் பச்சை, மோசத்துக்குச் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சிலருக்கு அந்த இரண்டும் பிரிந்து தெரியாது.
இன்னொன்று, ஒரு வரிசையில் நான்கு கட்டம் வைத்ததால் "ஸ்டிரைக் ரேட்" உடைந்து, மேல் சுழிகள் வெட்டுப்படுகின்றன. ஆங்கிலத்துக்குப் போட்ட வரி உயரம் தமிழுக்குப் பற்றாது. வரிசைக்கு இரண்டு கட்டம், கட்டத்தின் உயரத்தை எழுத்துக்கேற்ப வளர விடுங்கள்.

லெக் பை:
மாற்றிவிட்டேன். பவுலருக்கு மேலே எகானமி பெரிதாக, பேட்ஸ்மேனுக்கு ஸ்டிரைக் ரேட். அடுத்த வரியில் கடைசி ஐந்து ஆட்டம். மற்றதெல்லாம் "எல்லாம் பார்க்க" என்பதற்குள். பழைய மேட்ச்களையும் பந்துக் கணக்கில் திருத்தி ஏற்றிவிட்டு, ஓப்பனிங் பவுலரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார். இந்த ஞாயிறு வாட்ஸாப்பில் வந்தது ஒரே கேள்வி. ஒருவருக்குத் தன் சிக்ஸ் எண்ணிக்கை முதல் வரியிலேயே வேண்டுமாம். வைப்பதாக இல்லை.