மான்ஸா முதல் வளைவில் பிரேக் பிடித்தால் கார் சுழல்கிறது, உதவி வேண்டும்

மேட்டுக்காடு29 (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் வணக்கம். அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தயக் கேம் ஆடுகிறேன். இரண்டு வருடம் கேம்பேடில் ஓட்டிவிட்டு, போன மாதம் கோவையில் ஒருவரிடம் பழைய ஸ்டீயரிங் செட் வாங்கினேன். 900 பாகை சுற்றும், மூன்று பெடல் உண்டு. கல்லூரி முடிந்து வந்தால் தினமும் இதில்தான் உட்காருகிறேன்.

இத்தாலியின் மான்ஸா டிராக், ஜிடி3 கார் (சாலைக் காரை மாற்றிச் செய்த பந்தய வகை). மெயின் ஸ்ட்ரெயிட் முடிந்து முதல் சிக்கேனுக்கு (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவுகள்) பிரேக் அழுத்தி வலப்பக்கம் திருப்ப ஆரம்பித்ததுமே பின்பக்கம் விலகிச் சுழன்றுவிடுகிறது. பத்து லேப் (சுற்று) ஓட்டினால் ஆறில் இப்படி. கேம்பேடில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சித்தூரில் என் நண்பன் அதே கார், அதே அளவு பெட்ரோல் வைத்து ஸ்ட்ரெயிட்டில் மணிக்கு 268 கிலோமீட்டர் தொடுகிறான். நான் 255ஐத் தாண்டுவதில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டையும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமலும், வேகமெடுக்கும்போது வழுக்காமலும் காக்கும் அமைப்புகள்) அணைத்திருக்கிறேன். அணைத்து ஓட்டுவதுதான் நிஜமான ஓட்டம் என்று சொன்னார்கள்.

கணவாய்க்காற்று

முதல் லேப்பில் மட்டுமா, எல்லா லேப்பிலுமா? முதல் லேப் என்றால் டயர் சூடேறவில்லை. ரப்பர் ஆறிக் கிடந்தால் பிடிமானம் குறைவு, ஒரு லேப்பாவது பொறுமையாக ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங்கின் சொந்த மென்பொருளிலும் கேமிலும் 900 பாகை என்றே இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளில் 360, கேமில் 900 என்று இருந்தால், கொஞ்சம் திருப்பினாலே கார் நிறையத் திரும்பும்.

மேட்டுக்காடு29

எட்டாவது லேப்பிலும் சுழல்கிறது அண்ணா. பாகை இரண்டிலும் 900தான், இப்போதுதான் பார்த்தேன்.

போத்தனூர்_பிட்லேன்

ஏபிஎஸ் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் பலரும் ஏமாறுகிறார்கள். ஃபார்முலா 1 காரில்தான் ஏபிஎஸ் கிடையாது, 1994 முதல் தடை. ஜிடி3 பந்தயக் காரில் நிஜத்திலேயே ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் உண்டு. அதனால் ஜிடி3 காரில் அவற்றை அணைத்தால் நிஜத்துக்குக் கிட்டே போகவில்லை, விலகித்தான் போகிறீர்கள். உதவி அமைப்புகளில் 'ஃபேக்டரி' என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். எந்தக் காருக்கு எது உண்டோ அது மட்டும் வேலை செய்யும்.

பழைய_ரேடியோ

தம்பி, அந்த 255தான் எனக்கு உறுத்துகிறது. பெடல் அளவைப் பட்டைகளாகக் காட்டும் ஆப் கேமிலேயே இருக்கிறது. அதைத் திரையில் வைத்துக்கொண்டு ஸ்ட்ரெயிட்டில் ஆக்ஸிலேட்டரை மட்டும் முழுக்க அழுத்துங்கள், பிரேக் பெடலில் கால் படவே கூடாது. சிவப்புப் பட்டை என்ன செய்கிறது?

மேட்டுக்காடு29

அண்ணா! சிவப்புப் பட்டை சும்மா இருக்கவில்லை. கால் வைக்காமலே அடியில் துடித்துக்கொண்டிருக்கிறது. சில சமயம் பத்தில் ஒரு பங்கு வரை ஏறி இறங்குகிறது. பிரேக்கை மெதுவாக அழுத்தினாலும் பட்டை சீராக ஏறவில்லை, பாதியில் ஒரு குதி குதிக்கிறது.

பழைய_ரேடியோ

அப்போ பிடிபட்டது. நீங்கள் ஸ்ட்ரெயிட் முழுக்கப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே ஓடியிருக்கிறீர்கள். சிக்கேனில் நீங்கள் பாதி அழுத்தியபோது கேமுக்கு முழு அழுத்தமாகப் போயிருக்கிறது.

இந்த வகைப் பெடலுக்குள் ஒரு பொட்டன்ஷியோமீட்டர் இருக்கும். வேறொன்றும் இல்லை, பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ்தான். அந்தக் குமிழைத் திருப்பினால் கரகர என்று சத்தம் வருமே, உள்ளே தூசி அடைந்தால் அப்படித்தான். ரேடியோவில் அது காதுக்குக் கேட்கும், உங்களுக்குச் சிவப்புப் பட்டையில் தெரிகிறது.

டிவி ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று கேளுங்கள், ஸ்ப்ரேயாகக் கொடுப்பார்கள். கேபிளைக் கழற்றிவிட்டு அடித்தட்டைத் திறங்கள். ஸ்பிரிங் தெறிக்கும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டன்ஷியோமீட்டரின் சந்தில் ஒரு சின்ன அடி அடித்து, பெடலை நாற்பது ஐம்பது முறை அழுத்தி விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். சமையலறையில் இருக்கும் எண்ணெயை மட்டும் தொட்டுவிடாதீர்கள், அது இன்னும் தூசியை இழுக்கும். மாட்டியதும் கேலிபரேட் செய்து (பெடலின் அளவைக் கேமுக்குச் சரியாகக் காட்டி), தொடக்கத்தில் சின்ன டெட்சோன் (கேம் கண்டுகொள்ளாத அளவு) வையுங்கள்.

மேட்டுக்காடு29

சனிக்கிழமை பொள்ளாச்சி போய் வாங்கி வந்து, அம்மா சேலை காயப்போடும் திண்ணையில் வைத்துத் திறந்தேன். உள்ளே செம்மண் தூசியும் யாருடைய முடியோ ஒரு சுருளும் இருந்தன. சுத்தம் செய்து மாட்டினேன். பட்டை அசையவில்லை! 267 போகிறது. ஏபிஎஸ்ஸும் ஃபேக்டரிக்கு மாற்றிவிட்டேன்.

ஆனால் சுழல்வது முழுதாக நிற்கவில்லை. பத்தில் இரண்டு முறை இன்னும் நடக்கிறது. கவனித்துப் பார்த்தேன், ஆறாவது கியரிலிருந்து படபடவென்று இரண்டாவதுக்கு இறக்கும்போதுதான்.

ஆழியாறு_ஸ்டீயரிங்

தம்பி, நான் வால்பாறை ரூட்டில் பஸ் ஓட்டுபவன். மகனுக்காக வாங்கிய செட்டில் நானும் ராத்திரி உட்காருவேன்.

மலையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது 40 கொண்டை ஊசி வளைவு. பலகையில் எண் குறைந்துகொண்டே வரும். ஒன்பதாவது வளைவில் அணை முழுசாகக் கண்ணுக்குத் தெரியும், பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாக எட்டிப் பார்ப்பார்கள். அந்த வளைவுக்குள் போய் நான் கியர் மாற்ற மாட்டேன். வளைவுக்கு முன்னால், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே, ஒவ்வொன்றாக இறக்கி முடித்திருப்பேன்.

உங்கள் காரிலும் அதே கதைதான். பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்கிறது, பின் டயர் லேசாகிவிடும். அந்த நேரத்தில் வேகம் குறைவதற்கு முன்பே கியரை இறக்கினால் என்ஜின் பின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். ஏபிஎஸ் பிரேக்கைத்தான் விடுவிக்கும், என்ஜின் இழுப்பை அது ஒன்றும் செய்யாது. அதோடு ஸ்டீயரிங்கையும் திருப்பினால் டயர் எத்தனை வேலையைத்தான் தாங்கும்? அதனிடம் இருப்பது ஒரு பிடி பலம். அதைப் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும்.

நேராக இருக்கும்போது நன்றாக அழுத்துங்கள். என்ஜின் சத்தம் தணிந்த பிறகு அடுத்த கியர். திருப்பத் திருப்பப் பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், சட்டென்று எடுக்காதீர்கள்.

போத்தனூர்_பிட்லேன்

இவர் சொன்னதுதான் டிரெயில் பிரேக்கிங். கூடவே பிரேக் பயாஸை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடும் அளவு) இரண்டு சதவீதம் முன்பக்கம் தள்ளிப் பாருங்கள். பழகிய பிறகு திரும்பப் பின்னால் கொண்டுவரலாம். முன்பக்கம் அதிகமானால் கார் திரும்ப மறுத்து நேராகப் போகும்.

கணவாய்க்காற்று

திரையில் பார்வைக் கோணத்தையும் பாருங்கள். 24 அங்குலத் திரைக்கு 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் செங்குத்துக் கோணம் சுமார் 24 பாகைதான் வரும். கண்ணுக்கு நெருக்கமாகத் தெரியும், ஆனால் பிரேக் இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது சரியாகப் பிடிபடும்.

மேட்டுக்காடு29

நேற்று ராத்திரி இருபது லேப், ஒரு முறைதான் சுழன்றது, அதுவும் நான் அவசரப்பட்டு மூன்றாவதிலிருந்து இறக்கியதால். லேப் நேரம் 2:03இலிருந்து 1:54க்கு வந்துவிட்டது. கோணத்தை 30 வரை குறைத்திருக்கிறேன், அதற்குக் கீழே இன்னும் பழகவில்லை.

ஸ்டீயரிங் அண்ணா, நீங்கள் சொன்னபடி என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறக்கினேன். ஹெட்போன் வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டு ஓட்டில் காற்று அடிக்கிற அடியில் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்பதில்லை.

ஆழியாறு_ஸ்டீயரிங்

ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. அடுத்த ஞாயிறு ராத்திரி நானும் மகனும் மான்ஸாவில் இருப்போம், நீங்களும் வாங்க.