வகுப்பறையில் வலையொலி: நிறுத்தி நிறுத்திக் கேட்ட அனுபவம்

சமூக அறிவியல் ஆசிரியை, சென்னிமலை வட்டாரம்

கடந்த கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புக்கு, அகழாய்வு நடந்த பழங்கால ஊரான கொடுமணல் பற்றிய வலையொலிப் (பாட்காஸ்ட்) பதிவொன்றைப் போட்டுக் காட்டினேன். நொய்யல் கரையிலுள்ள அந்த ஊர் எங்களுக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் இருந்தும், என் மாணவர்களுக்கு அது தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெயராக மட்டுமே இருந்தது.

பதிவு 32 நிமிடம், பாடவேளை 40 நிமிடம். முதல் முறை முழுவதையும் ஓடவிட்டேன். அது என் தவறு. பள்ளிச் சுவருக்கு அப்பால் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால், புளூடூத் ஒலிபெருக்கியின் குரல் மூன்றாம் பெஞ்சைத் தாண்டவில்லை. சூதுபவளம் என்னும் சிவப்புக் கல்லில் செய்த மணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென மறைந்து, உடனடிக் கடன் விளம்பரம் ஒன்று உரக்க ஒலித்தபோதுதான் பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்று பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனது வட்டி விகிதத்தை மட்டுமே என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அதே பதிவிலிருந்து ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டியெடுத்து, தறிச் சத்தம் எட்டாத கோடி அறைக்கு வகுப்பை மாற்றினேன். ஒலிக்கவிடுவதற்கு முன், "இத்தனை சிறிய மணியில் துளை எப்படிப் போட்டிருப்பார்கள்?" என்று கரும்பலகையில் எழுதினேன். 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தது, பதிற்றுப்பத்து அவ்வூரைக் கொடுமணம் என்று குறிப்பது என ஒவ்வொரு செய்திக்கும் நிறுத்தி, கேட்டதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தேன். காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூரில் கிடைத்த பெரில் என்னும் மணிக்கல்லைப் பற்றிய இடம் வந்ததும், காங்கேயம் பக்கமிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "எங்க காட்டுல ஏரோட்டறப்போ அந்த மாதிரிக் கல்லு கெடைக்குமுன்னு எங்க அப்பாரு சொல்லுவாருங்க டீச்சர்" என்றான். அவனைச் சுற்றியே பன்னிரண்டு நிமிடம் போயிற்று. வெட்டி வைத்திருந்த ஐந்து நிமிடத்தில் கடைசி ஒன்றரை நிமிடத்தை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம்

அம்மா, நாங்கள் வானொலியின் பள்ளி ஒலிபரப்பை வைத்து வகுப்பு நடத்திய காலத்தில் இந்த வசதி இல்லை. நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்குப் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். நடுவில் ஒருவன் சந்தேகம் கேட்டால், வானொலி நமக்காகக் காத்திருக்காது என்பதால் "சும்மா இருடா" என்று அடக்க வேண்டும். தாங்கள் சொன்ன மாணவன் என் வகுப்பில் இருந்திருந்தால், அவனையும் அப்படித்தான் உட்கார வைத்திருப்பேன். இதை எழுதும்போது அப்படி அடக்கிய இரண்டு மூன்று முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

ஆங்கில ஆசிரியர், பொள்ளாச்சி

என் அனுபவம் சிறியது. வெளிநாட்டவர் பேசும் ஆங்கிலப் பதிவு வேகமாக இருந்ததால் முக்கால் வேகத்தில் ஓடவிட்டேன். பேசியவர் கள்ளுக் குடித்தவரைப் போல இழுத்துப் பேச, வகுப்பு அடங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது வேகத்தைக் குறைப்பதில்லை. ஒரே வாக்கியத்தை மூன்று முறை ஒலிக்கவிட்டு, காதில் விழுந்ததை எழுதச் சொல்கிறேன். ஒரு சந்தேகம் டீச்சர்: அந்த ஐந்து நிமிடத்தைத் தயார் செய்யத் தங்களுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று?

சமூக அறிவியல் ஆசிரியை, சென்னிமலை வட்டாரம்

முழுப் பதிவையும் இரண்டு முறை கேட்டு, விளம்பரத்தை நீக்கி, நிறுத்த வேண்டிய இடங்களைக் குறித்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விட்டது சார். அதனால் ஒரு பருவத்துக்கு இரண்டு பாடங்களுக்கு மேல் நான் முயல்வதில்லை. பாடத்திட்டத்தை முடிக்கும் கவலையும் இருக்கிறது. அடுத்து, 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்காலை எடுக்கலாம் என்றிருக்கிறேன். பவானியிலிருந்து அது நொய்யலைச் சென்றடையும் வழியை விளக்கும் தமிழ்ப் பதிவு யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, நான் வெட்டிக்கொள்கிறேன்.