நம் நாட்டு மரங்கள் வரிசையில் பால்மரம் சேருமா?

சிப்புட் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மரம் வரையத் தொடங்கினேன். இலை, பூ, காய், விதை எல்லாம் அசல் அளவில், கவராயம் வைத்து அளந்து வரைவது. நம் நாட்டு மரங்கள் பன்னிரண்டு வரைவதாகத் திட்டம். முதலில் கை போனது பால்மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு. அம்மா பட்டையைக் கீறிப் பால் எடுத்த மரமாயிற்றே! தோட்டம் முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆகிவிட்டது, கோயிலுக்குப் பின்னால் ஒரு நிரை மட்டும் மிச்சம். மகன் பார்த்துவிட்டு, "இது பிரேசில் மரம்மா" என்று சிரிக்கிறான். வைக்கவா, எடுக்கவா?

இன்னொன்று: ஒடித்த கிளை ஒரு மணி நேரத்தில் தொங்கிப்போகிறது. பால் வேறு ஒழுகித் தாளில் கறை. என்ன செய்கிறீர்கள்?

கெப்போங்காரன்:
டீச்சர், ஒடித்த வாயை மெழுகுவர்த்தித் தீயில் சில நொடி காட்டுங்கள், பால் நின்றுவிடும். அப்புறம் தண்ணீரில் வையுங்கள். வரையாத நேரத்தில் ஈர டிசுவில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸ்பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்கலாம். முக்கியமாக, முதல் பத்து நிமிடம் நிறத்தை மட்டும் பிடியுங்கள். கோடு நாளைக்கும் போடலாம், பச்சை இருக்காது. டியூபில் வரும் பச்சையை அப்படியே பூசாதீர்கள், பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கும். நீலமும் மஞ்சளும் கலந்து, துளி சிவப்பு விடுங்கள். நம் ஊர் ஈரத்துக்குத் தாளில் பூஞ்சணம் பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள்.

கங்சார் பேரன்:
மகன் சொல்வது சரிதான். 1877இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 எங்கள் கோல கங்சாரில் நடப்பட்டன. ஒன்று இன்னும் நிற்கிறது. நம்மில் பலருடைய குடும்பங்களுக்கு முன்னாலேயே வந்த மரம் என்று வேண்டுமானால் வாதாடலாம், ஆனால் வரிசையில் வைக்க முடியாது டீச்சர். மெர்பாவ் வரையுங்கள், 2019இல் தேசிய மரமாக அறிவித்தார்கள். பூவில் ஒரே ஒரு இதழ்தான் வளர்ந்திருக்கும், வரைய ருசியான பூ. தெம்புசுவும் உண்டு, சாயங்காலத்தில் மணக்கும்.

சிப்புட் டீச்சர்:
இரண்டு பேருக்கும் நன்றி. மெழுகுவர்த்தி வேலை செய்தது தம்பி. லேசாகக் கருகிய ரப்பர் வாடை வந்தது, தோட்டத்தில் ரப்பர் பதப்படுத்தும் ஸ்டோர் ஞாபகம்!

இலை வாடாமல் இருந்ததால் நேற்றுப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்று இலைகளும் காம்பில் கூடும் இடத்தில் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்ன முடிச்சுகள். இனிப்புத் தண்ணீர் கசியும் சுரப்பியாம். மரத்தில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது. சின்ன வயதில் பால் பிடிக்கும் மங்கு கழுவி, வெட்டுக்கோட்டில் காய்ந்த கோட்டுப்பால் உரித்து, அந்த மரத்தடியிலேயே வளர்ந்தவள், இதைப் பார்த்ததே இல்லை. நான்கு மடங்கு பெரிதாக்கி ஓரத்தில் வரைந்து, பக்கத்தில் அளவுக்கோடும் போட்டுவிட்டேன். எறும்பையும் ஒன்று வைத்தேன், மகன் கேட்டால் கேட்கட்டும்.

வரிசையில் சேர்க்கவில்லை. எண் போடாமல் தனித்தாளாக வைத்திருக்கிறேன். பழைய மருந்தகத்து வேலியோரம் ஒரு தெம்புசு நிற்கிறது. மொட்டு விட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகிறேன்.